ரங்காத்தாள் பட்டி போட்ட காடு

கிளுவை வேலியை ஒட்டி நடக்கும்போது ரங்காத்தாளின் வலக்கை சும்மா இருப்பதில்லை. இலைக்கும் முள்ளுக்கும் நடுவே விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டே போகும். கண் ஆடுகளின் மேல் இருந்தாலும் கை வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கும். குட்டி ஒன்று தலையை நுழைக்கிற அளவுக்குச் சந்து தட்டுப்பட்டால் அப்படியே நின்றுவிடுவாள். இடுப்பில் சொருகியிருக்கும் பனியன் துணிக் கீற்றுகளில் சிவப்பாக ஒன்றை உருவி, அந்த இடத்துக் குச்சியில் முடிச்சுப் போட்டுவிட்டு, "இது மேஜர் டேமேஜுங்க" என்பாள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆடு கேட்டால் போதும்.

சந்து சின்னதாக இருந்தால் மஞ்சள் துணி. அது 'மைனர்'. மழை இறங்கி மண் இளகியதும், துணி கட்டிய இடங்களில் எல்லாம் கிளுவைப் போத்து வெட்டி வந்து ஊன்றுவாள். முழங்கை நீளக் குச்சி அது. ஈரம் பட்டால் வேர் விட்டுத் துளிர்த்துவிடும். துளிர்த்து அண்டைச் செடியோடு கை கோத்துக்கொண்ட பிறகுதான் துணியை அவிழ்ப்பாள். அவிழ்த்ததைத் தூக்கி எறியவும் மாட்டாள், உதறி மறுபடியும் இடுப்பில் சொருகிக்கொள்வாள்.

பதினாலு வருடம் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள் அவள். டி-சர்ட்டை விரிப்பது, இழுத்துப் பார்ப்பது, திருப்புவது, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளுவது. காலையில் விரித்த முதல் துணியிலிருந்து சாயங்காலம் வரை தலைக்கு மேலே ஒரே டியூப்லைட். கடைசி வருடம் கண் கைவிட ஆரம்பித்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் விட்டிருந்தால் தெரியவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை கண்டுபிடித்து இரண்டு தடவையும் பேசாமல் போனார். மூன்றாவது தடவை அவர் பேசுவதற்குள் இவளே போய்ச் சொல்லிவிட்டாள். "என்ற கண்ணு இனி பாஸாகாதுங்க சார். வேற நல்ல கண்ணாப் பாத்துப் போட்டுக்குங்க."

அந்தக் கம்பெனியை அவள் திட்டிக் கேட்டவர்கள் கிடையாது. "கண்ண எடுத்துக்கிச்சு, நெசந்தான். ஆனா கையிக்குப் பாக்கக் கத்துக்குடுத்துதே! அதாருங்க குடுப்பாங்க?" என்று கையை விரித்துக் காட்டுவாள். கிளுவை முள் கீறிக் கீறி, அந்தக் கை வேலியின் நிறத்துக்கே வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து விலகும்போது கைக்கு வந்ததில் ஆறு மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகளை வாங்கினாள். ஒன்பது வருடத்தில் அது முப்பது உருப்படியாகிவிட்டது.

அவள் குத்தகைக்கு எடுத்திருந்தது பொங்கலூருக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் கொறங்காடு. கொறங்காடு என்றால் ஏர் படாத மேய்ச்சல் காடு. வெள்வேல மரங்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளித் தள்ளி நிற்கும், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆடும் மாடும். மழை பெய்தால் புல் இருக்கும். பெய்யாத கோடையில் புல்லெல்லாம் கருகிப்போகும், வெள்வேலமோ அப்போதுதான் காய் உதிர்க்கும். அந்தக் காயைத் தின்றே ஆடு கோடையைத் தாண்டிவிடும். "வருசம் பூராப் பந்தி. ஒரு எல காஞ்சா இன்னொரு எலையில போடறாங்க" என்பாள் ரங்காத்தாள். ஐப்பசி மழையில் ஒரு மூலையைக் கீறிக் கொள்ளு விதைப்பாள். கொள்ளு வீட்டுக்கு, கொடி ஆட்டுக்கு, மரத்து நிழல் எல்லோருக்கும்.

ஆடுகளோடு பேசும்போதும் அவளுக்கு மரியாதை குறையாது. "வாங்க, வாங்க, அங்கென்னங்க சோலி?" என்று அழைப்பாள். வேலியில் வாய் வைக்கிற கிடாயைக்கூட, "சாமி, அது நம்ம ஊட்டுச் செவுருங்க" என்றுதான் அதட்டுவாள். முதல் மழை விழுந்ததும் மட்டும் மரியாதையெல்லாம் போய்விடும். புல் தழைத்துப் பூத்து விதை கொட்டுகிறவரைக்கும் காட்டுக்குள் ஓர் ஆட்டுக்கும் இடமில்லை. பச்சையைப் பார்த்து அதுகள் நுழைவழியை மறைக்கும் படலண்டை நின்று கத்தினாலும் கல்மனசாகக் கிளுவைத் தழையையும் சோளத்தட்டையும் போட்டே சமாளிப்பாள். அந்த ஒன்றரை மாதம் அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கணவன் சாமியப்பன் சொல்கிறார். நம்பலாம்.

சாமியப்பன் கம்பெனி வேன் ஓட்டுகிறார். வடக்கேயிருந்து வந்த பிள்ளைகளை ஏற்றி இறக்கியே இந்தி கற்றுக்கொண்டவர். பெண்டாட்டியைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "இவளுக்கு மறந்தும் ஒரு ஒத்தாச பண்ணீராதீங்க. திருப்பிக் குடுக்காம உடமாட்டா." நிஜம்தான். வாங்கியதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க ரங்காத்தாளுக்குத் தெரியாது. கைகாட்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டருக்கு மறுநாள் தயிர் போகும். ஆட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரம்மாவின் வண்டியில் அவருக்கே தெரியாமல் ஒரு பை கொள்ளு ஏறியிருக்கும். ஒருமுறை பல்லடம் சந்தையில் குடை பிடித்துக் கூட நடந்த முகம் தெரியாத பெண்ணை, மழை விட்ட பிறகு கடை கடையாகத் தேடிக் கண்டுபிடித்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் வந்து சேர்ந்தாள்.

இந்த மாசியில் காட்டுச் சொந்தக்காரர் லிங்கசாமி வந்தார். திருப்பூரில் நிட்டிங்கும் ஸ்டிச்சிங்குமாக யூனிட் வைத்திருக்கிறவர். காரை வெளியே நிறுத்திவிட்டு, படலைத் தானே தூக்கி வைத்து உள்ளே நடந்து வந்தார். வந்தவர் மரத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரங்காத்தா, ஒரு சேதி சொல்லோணும்" என்றார். "வேலைக்கு வந்த பசங்களுக்குத் தங்க எடமில்ல. இங்க வரிசையா ரூம் கட்டீரலாம்னு எங்கூட்டுப் பசங்க ரெண்டு பேரும் ஒரே புடியா நிக்கறாங்க. ஆடி வரைக்கும் நீ இருந்துக்க. அப்பறம் என்ற கையில இல்ல."

ரங்காத்தாள் முதலில் அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, "மரத்த மட்டும் வைகாசி கழிச்சு வெட்டச் சொல்லுங்க. இந்த வருசக் காயி உளுந்து முடியட்டும்" என்றாள். அவர் சரி என்றார். போகும்போது படலை மறக்காமல் சாத்திவிட்டும் போனார். அதை அவள் பிற்பாடு நாலு பேரிடம் சொல்லிச் சிலாகித்தாள். "காட்ட எடுக்கறவரு படலச் சாத்திட்டுப் போறாருங்க. ஒம்பது வருசம் ஆட்டுக்குத் தீனி குடுத்த மனுசன், நான் என்ன கொற சொல்லட்டும்?"

அவர் போன மறுநாள் காலையிலும் துணிக் கீற்றோடு வேலியோரம் நடந்தாள். அன்றைக்கு விடுமுறையில் இருந்த சாமியப்பனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "இடிக்கப் போற வேலிக்கு எதுக்குடி ஒட்டுப் போட்டுக்கிட்டு இருக்கறே?" என்றார். அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள். "பீஸு நம்ம டேபிள்ல இருக்கற வரைக்கும் நம்ம பொறுப்புங்க. டேமேஜோட அடுத்த டேபிளுக்குத் தள்ளக் கூடாது."

பேச்சு இப்படி இருந்தாலும் உள்ளுக்குள் கலங்கித்தான் போயிருந்தாள். ஆடிக்குள் வேறு மேய்ச்சல் கிடைக்காவிட்டால் முப்பது ஆடுகளும் சந்தைக்குப் போக வேண்டியதுதான். அவள் நல்லூருக்குப் போக வேண்டும். செக்கிங்குக்கு இனி எடுக்க மாட்டார்கள். பிசிறு நூல் வெட்டுகிற ஹெல்பராக, மறுபடியும் அந்த டியூப்லைட்டுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அவள் வாய்விட்டு அழவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஆடுகளை அடைக்கும்போது ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்துவிட்டு உள்ளே விட்டாள். முன்பெல்லாம் தலையை எண்ணுவதோடு சரி.

சாமியப்பன் வேன் போகிற வழியெல்லாம் விசாரித்தார். ஒரு கொறங்காடு தென்னந்தோப்பாகியிருந்தது. ஒன்று மனைக்கல் நட்டுக் கிடந்தது. மிச்சம் இருந்ததிலெல்லாம் சொந்தக்காரர்களின் ஆடே நிறைந்திருந்தது. பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் போனது. லிங்கசாமி சொன்ன சொல் தவறாமல் காய் உதிர்ந்து முடிந்த பிறகே மரம் வெட்ட ஆள் அனுப்பினார்.

இத்தனைக்கும் இடமே இல்லாமல் இல்லை. மேற்கு வேலியைத் தாண்டினால் நாலு ஏக்கர் கிடந்தது. புல்லும் உண்டு, நிழலும் உண்டு. தினமும் அவள் கண்ணெதிரேதான் கிடந்தது. அதைக் கேட்கிற வாய் மட்டும் அவளுக்கு இல்லை. அது கமலாம்பாளின் காடு.

கமலாம்பாளுக்கு அறுபது வயது இருக்கும். கணவர் இல்லை, மகன் கோயமுத்தூரில். ஒரு காங்கயம் பசு, ஒரு போர்வெல், வீட்டை ஒட்டி ஓர் ஏக்கர் வெங்காயம், அதற்கப்பால் இந்த நாலு ஏக்கர். பேச்சில் காரம் கொஞ்சம் தூக்கல். மனசு அப்படியில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் மழையே எட்டிப் பார்க்காத அந்தப் பஞ்ச வருடத்தில், லிங்கசாமி காட்டுக் கிணறு வறண்டு, ரங்காத்தாள் ஆடுகளோடு தவித்து நின்றபோது, கமலாம்பாள்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "ஏம்புள்ள, நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுகளே, உனக்குக் கண்ணில்லையா? ஓட்டியா இங்க." அன்றையிலிருந்து தினமும் உச்சிவேளையில் அவளுடைய தொட்டியில்தான் ஆடுகளுக்குத் தண்ணீர். அஞ்சு மாதம், ஒரு நாள் தவறாமல்.

ரங்காத்தாளுக்கு இது தாங்குமா? குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். "எனக்கெதுக்கு அது, நீயே கட்டி மேயி" என்று கமலாம்பாள் விரட்டினாள். நெய் உருக்கிக்கொண்டு போனாள். "ஏன், எங்கூட்டுப் பசு நெய் குடுக்காதாமா?" என்றாள். யோசித்து யோசித்து, எந்தக் குடியானவராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒன்றை ரங்காத்தாள் கண்டுபிடித்தாள். ஆட்டுப் பட்டி.

பட்டி போடுவது என்றால், ஆடுகளைப் படல் கட்டி அடுத்தவர் வயலில் இரவு அடைத்து வைப்பது. காலையில் பார்த்தால் அந்த இடம் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமுமாக இருக்கும். மறுநாள் படலை நகர்த்திப் பக்கத்துத் துண்டில் அடைப்பார்கள். அதற்கு மேல் ஓர் உரம் கிடையாது. கமலாம்பாளுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ரங்காத்தாள் படலை நகர்த்தி நகர்த்தி ஓர் ஏக்கருக்கு மேல் பட்டி போட்டாள். போடுகிறதுதான் போடுகிறோம், சத்தான புழுக்கையாக இருக்கட்டும் என்று, மரத்தடியில் உதிர்ந்த வெள்வேலங்காயைக் கூடை கூடையாகப் பொறுக்கி ஆடுகளுக்கு வயிறு முட்டக் கொடுத்தாள்.

கம்பெனியிலிருந்து புதிதாக ஆட்டுக்கு வந்தவள், அவளுக்கு எங்கே தெரியும்? காயின் தசை ஆட்டுக்கு, உள்ளே இருக்கும் விதை ஆட்டின் வயிற்றில் கரையாது. ஊறி, தோல் இளகி, புழுக்கையோடு விழும். விழுகிற இடத்தில் ஈரமும் இருந்தால் உடனே முளைக்கும். கொறங்காட்டில் மரம் பெருகுவதே அப்படித்தான், அங்கே யாரும் குழி தோண்டி மரம் நடுவதில்லை. அதனால்தான் ஆடு வளர்க்கிறவர்கள் காய் உதிரும் காலத்தில் வயலில் பட்டி போடமாட்டார்கள். போடச் சொன்னாலும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவார்கள். இவளோ கேட்காமலே போய்ப் போட்டிருந்தாள், அதுவும் கூடை கூடையாகக் காய் கொடுத்து.

பஞ்சம் முடிந்து மழை இறங்கியதும் கமலாம்பாள் உழுது வெங்காயம் நட்டாள். இருபதாம் நாள் களையெடுக்க வந்த பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெங்காயத்தாள் ஒன்றுக்குப் பக்கத்தில் மூன்று வெள்வேலங்கன்று. விரல் உயரம்கூட இல்லை, அதற்குள் ஒவ்வொன்றிலும் இரட்டை இரட்டையாக முள்.

கமலாம்பாள் வேலியண்டை வந்து நின்று கத்திய கத்தல் தார் ரோடு வரைக்கும் கேட்டதாம். "நான் உனக்குத் தண்ணி குடுத்தேன். நீ எனக்கு முள்ளுக் குடுத்தியாடி!"

ரங்காத்தாள் போய்க் கன்று பிடுங்கக் குனிந்தாள். செக்கிங்கில் நின்ற கை அல்லவா, ஒரு பாத்தியை முடித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள். பதினொரு நாள், ஒற்றை ஆளாக, வீட்டுப் பக்கத்து வெங்காயத்தைச் சுத்தம் செய்து கொடுத்தாள். விரல் வீங்கிப் போய்ச் சோறு பிசைய முடியவில்லை. அதைத் தாண்டி நாலு ஏக்கர்ப் பக்கம் பட்டி போட்ட துண்டுக்குப் போய்க் குனிந்தபோது கமலாம்பாள் வந்து வழியை மறித்தாள். "போதும். அது அப்பிடியே கெடக்கட்டும். உம்மொகத்துல முழிக்கவே எனக்குப் புடிக்கல." அத்தோடு பேச்சு நின்றது.

பேச்சுத்தான் நின்றதே ஒழிய, தண்ணீர் நிற்கவில்லை. மறுநாள் உச்சிவேளையில் ஆடுகள் பழக்கத்தில் தாமாகவே அந்தத் தொட்டிக்குப் போய்விட்டன. ரங்காத்தாள் பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள். தொட்டி நிறைந்திருந்தது. கமலாம்பாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தன் பசுவிடம் சொன்னாள். "ஏ மயிலை, சண்ட வேற, வாயில்லாச் சீவன் குடிக்கற தண்ணி வேற. தொட்டி ரொம்பித்தான் இருக்கும். வர்றது வரட்டும், போறது போகட்டும்."

அப்படி ஆரம்பித்த வழக்கம் எட்டு வருடம் நீண்டது. ஒருத்தி பசுவிடம் பேசுவாள், மற்றவள் ஆட்டிடம் பதில் சொல்வாள். "ஏ மயிலை, நாளைக்குக் கரண்ட்டு இல்லையாமா. காலைலயே தொட்டிய ரொப்பிருவேன்." "கேட்டீங்ளா சாமி, நாளைக்கு நேரமே வந்துருவோம்." கமலாம்பாளுக்குக் காய்ச்சல் கண்டபோது ரங்காத்தாள் தன் கிடாயைப் பார்த்து, "கசாயம் வெச்சிருக்குது, தொட்டி மேல வெச்சுட்டுப் போறேனுங்க" என்றாள். கிடாய் அசை போட்டுக்கொண்டிருந்தது. மயிலைக்கும் ஆடுகளுக்கும் ஊர்ச் சேதி தெரிந்த அளவுக்கு ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதற்கிடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. கமலாம்பாள் விவசாயத்தை வீட்டுப் பக்கத்து ஓர் ஏக்கரோடு சுருக்கிக்கொண்டாள். அந்த நாலு ஏக்கரில் உழவு நின்றது. பட்டி போட்ட துண்டில் ரங்காத்தாள் பிடுங்காமல் விட்ட கன்றுகள் ஆள் உயரம் தாண்டி மரமாயின. புழுக்கையோடு வந்த கொழுக்கட்டைப் புல்லுக்கு ஓர் ஏக்கர் போதவில்லை, நாலு ஏக்கருக்கும் பரவிவிட்டது. ரங்காத்தாள் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் தான் செய்த பிழையைத்தான் பார்த்தாள். நிழல் தெரியவில்லை, முள்தான் தெரிந்தது.

இப்போது அதே காட்டைப் போய்க் கேட்பதா? தண்ணீருக்கே ஈடு கட்ட முடியவில்லை, கட்டப் போய்த்தான் இந்தக் கோலம். அதற்கு மேல் மேய்ச்சலும் வாங்கினால் எதை எடுத்துக் கொடுப்பது? "அதுக்குச் சந்தையே தேவலீங்க" என்று சாமியப்பனிடம் சொல்லிவிட்டாள். ஆடி பிறந்த வாரம் வியாபாரியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லி ஏற்பாடாயிற்று.

புதன்கிழமை உச்சிவேளையில் ஆடுகள் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கமலாம்பாள் வழக்கம்போலப் பசுவின் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஏ மயிலை, வெள்ளிக்கெழம யாவாரி வாறானாமா. முப்பது உருப்படியும் போகுதாமா. இங்க நாலு ஏக்கரு புல்லு ஆளில்லாமக் கெடக்குது. மகராசி குடுத்துட்டுப் போனது. குடுத்தவளே வந்து மேச்சா என்னவாமா?"

ரங்காத்தாள் பக்கத்தில் நின்ற பெட்டை ஆட்டைப் பார்த்துத்தான் பேசினாள். "எத்தன வருசந்தானுங்க சாமி அவீக தயவுலயே நிக்கறது? தண்ணி குடுத்தாங்க, அதுக்கே என்ற கையில ஈடில்ல. இதுக்கு நான் என்னத்தக் கொண்டு போயிக் குடுப்பேன்?"

"ரங்காத்தா!"

எட்டு வருடமாகப் பசு வழியாகவே வந்த குரல் நேரே வந்து விழுந்தது. கமலாம்பாள் பசுவை விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"ஈடு கட்டறேன்னு மட்டும் கெளம்பீராத, சொல்லிட்டேன். போன தடவ நீ ஈடு கட்டுனதே என்ற சென்மத்துக்குப் போதும்."

ரங்காத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. கமலாம்பாள் சிரிக்கவில்லை. தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள்.

"நாலு சித்திரையா இந்த மயிலைக்குப் பாலு கொறையல. ஊரெல்லாம் மாடு மூச்சு வாங்கிட்டு நிக்குது, இவ அந்த முள்ளு மரத்தடியில படுத்து அச போடறா. நானும் மத்தியானத்துல அங்கதான் கட்டலப் போட்டுக்கறேன். அந்த நெழலு ஆருது? உன்னுது. சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தேன் புள்ள. வாயி வரல."

ஆடுகள் குடித்து முடித்து, வாயில் நீர் சொட்ட, அடுத்து எங்கே என்று ரங்காத்தாளைப் பார்த்தன. அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமியப்பனுக்கு போன் போட்டாள். வேனில் பாட்டுச் சத்தம். "ஏனுங்க, யாவாரிய வரவேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றாள். ஏன், என்ன என்று அவர் கேட்டது வெளியே வரைக்கும் கேட்டது. "அக்கா பேசீட்டாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். கமலாம்பாள் முன்னதாகவே படலைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தாள். ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தன. பாதி புல்லில் வாய் வைத்தன, பாதி நேராக மரத்தடிக்கு ஓடின. கடைசிக் குட்டியும் உள்ளே போன பிறகு ரங்காத்தாள் மட்டும் நுழைவழியில் நின்றாள்.

"நீ என்ன புள்ள, ஊட்டுக்கு வந்த ஒரம்பரையாட்டம் வெளியவே நின்னுக்கிட்டு? வா உள்ள."

ரங்காத்தாள் குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றி, வேலியோரமாக ஜோடி சேர்த்து வைத்தாள்.

"அடியே, முள்ளுக் காடு! செருப்ப மாட்டிக்க!" என்று கமலாம்பாள் பதறினாள்.

"இருக்கட்டுங்கக்கா, செருப்போட மிதிக்கற எடமுங்களா இது?" என்று சொல்லிவிட்டு, ரங்காத்தாள் வெறுங்காலோடு உள்ளே நடந்தாள்.